பெனமூராவில் ஒரு மாங்காய்க் களவு

என் தம்பி குகன் ஒரு ஸ்பானியப் பெண்ணைக் கலியாணம் கட்டப்போவதாகச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஸ்ட்ரெதமில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அம்மா அழுவார், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்புவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மா நண்டுக்காலைக் கடித்தபடியே பேர் என்ன என்று கேட்டார்.

"பிலார்," என்றான் தம்பி.

"பிள்ளையாரோ?"

"இல்லை அம்மா, பி-லார்."

"பெம்பிளைப் பிள்ளைக்கு ஆரடா பிள்ளையார் எண்டு பேர் வைச்சது?"

எனக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவன், பிலார் அங்கே நேர்ஸ். இரண்டு வருஷமாக அவன் ஏன் ஆரும் விரும்பாத ஷிப்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரிந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அம்மாவிடம் கேள்விகள் நிறைய இருந்தன. சமயம், சாப்பாடு, நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் காதுகுத்து என்று ஒரு கிழமை முழுக்க விசாரணை நடந்தது. எல்லாவற்றுக்கும் தம்பி பதில் வைத்திருந்தான், ஒன்றைத் தவிர. "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலிசு தெரியாது. மருமோளோடை வாய்விட்டு ஒரு சண்டை பிடிக்க ஏலாமல் நான் என்னெண்டு ஒரு வீட்டிலை இருக்கிறது?" அந்த இடத்தில் அம்மா அசையாமல் நின்றுகொண்டார். தம்பியும் விட்டுக்கொடுக்காத ஒரு விறுமன். அம்மா வாயால் ஓம் என்று சொல்லாமல் கலியாணப் பதிவு எழுத்தும் இல்லை, தாலியும் இல்லை என்றுவிட்டான். பிலாரும் தன் தகப்பனைப் பற்றி அதே மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாளாம். இரண்டு பிடிவாதங்களும் நன்றாகத்தான் பொருந்தியிருக்கின்றன என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அம்மாவே வழி சொன்னார். பெண் பார்ப்பதென்றால் பெண்ணின் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பது. குடும்பத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருமுன் முடிவு சொல்கிறேன் என்றார். பிலாரின் ஊர் ஸ்பெயினின் தெற்கே, மலாகாவுக்கு மேலே மலையில் தொங்கிக்கொண்டிருக்கிற பெனமூரா. அது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆகஸ்ட் மாதம். குரோய்டன் குடிவரவுக் கந்தோர்க் கடதாசி, விசா, டிக்கெட் கதைகளை விட்டுவிடுவோம். அதெல்லாம் எங்கள் ஆட்களின் எல்லா வீடுகளிலும் ஒரே கதைதான்.

மலாகா விமான நிலையத்தின் கதவைத் தாண்டியதும் வெக்கை முகத்தில் வந்து அடித்தது. அம்மா அப்படியே நின்று, கம்பளிக் கார்டிகனைக் கழற்றி என் கையில் தந்தார். லண்டனுக்கு வந்த நாலு வருஷத்தில் வீட்டுக்கு வெளியே அம்மா கார்டிகனைக் கழற்றி நான் கண்டதில்லை. "இது மனுசர் இருக்கிற ஊர்," என்றுவிட்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

மலை ஏறுகிற பஸ் எங்கள் ஊர்ச் சின்ன பஸ்களின் ஒன்றுவிட்ட சகோதரம். சனத்தை விடச் சாமான்தான் கூட. சாரதி ஒரு வளைவில் நிறுத்தி ஒரு வீட்டுக்கு மருந்துப் பொட்டலம் கொடுத்தான், அடுத்த வளைவில் ஒரு கிழவருக்குப் பத்திரிகை கொடுத்தான். நடு மலையில் எதிரே ஒரு வான் வந்து நின்றது. ரோட்டில் இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம். இரண்டு சாரதிகளும் இறங்கினார்கள். கையை வீசி, தலையில் அடித்து, பரம்பரையையே இழுத்து ஏசுகிற மாதிரி ஒரு சத்தம். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் இறங்கி இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆலோசனை சொன்னது. கொஞ்ச நேரத்தில் வான்காரன் பின்னால் எடுத்தான். போகும்போது இரண்டு சாரதிகளும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிவிட்டுப் போனார்கள். எதற்காகச் சத்தம், எதற்காகச் சமாதானம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அம்மா ஜன்னலில் நாடியை ஊன்றிக்கொண்டு படம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெதமில் என் வீட்டுச் சுவர் மெல்லியது. அம்மா கனடாவுக்குப் போன் கதைத்தால் பக்கத்து வீட்டு மனுசி சுவரில் தட்டுவாள். அதனால் அம்மா லண்டனில் குசுகுசு என்றுதான் கதைக்கப் பழகியிருந்தார். அதை நான் பெரிதாக நினைத்ததே இல்லை, அந்த பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்கும்வரை.

பெனமூரா கீழேயிருந்து பார்க்க, இடியப்பத்தை அவித்து மலைச் சரிவில் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவ்வளவு வெள்ளை. பஸ் ஊரடிச் சந்தியோடு சரி. அதற்கு மேல் வாகனம் போகாது. சுவருக்குச் சுவர் கை தொடுகிற ஒழுங்கைகள், கூழாங்கல் பதித்த படிகள். பிலார் சந்தியில் காத்துக்கொண்டு நின்றாள். மெல்லிய உயரமான பிள்ளை, முகமெல்லாம் கண். வந்து அம்மாவின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள். அம்மா தடுமாறிப்போய் "இரு பிள்ளை, மூச்சு எடுக்கட்டும்" என்றார். தம்பி 'பிள்ளை' என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்ல, அன்றிலிருந்து அதுவே அவளுடைய பேராகிவிட்டது.

வீடு ஊரின் உச்சியில். வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிலாரின் தாய் தெரேசா ஓடி வந்து வரவேற்றார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, இருக்க ஒரு நாற்காலி தேடி, "கதிரை... ஒரு கதிரை" என்றார். தெரேசாவின் முகம் மாறியது. "கதேரா?" என்று கேட்டார். அம்மா பலமாகத் தலையாட்டி, "ஓம், கதிரை" என்றார். அவ்வளவுதான். தெரேசா அம்மாவைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் சரித்து, ஏதோ ஒரு மூலிகை எண்ணெய்ப் போத்தலைத் திறந்து, சேலைக்கு மேலாலேயே இடுப்பைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். அம்மா என்னைப் பார்த்து, "என்னடி பிள்ளை, கதிரை கேட்டால் இந்த ஊரிலை இதுதானோ மரியாதை?" என்றார்.

பிலார் சிரித்து அடங்கித்தான் விஷயத்தைச் சொன்னாள். ஸ்பானிய மொழியில் 'கதேரா' என்றால் இடுப்பு எலும்பாம். வந்ததும் வராததுமாக அம்மா "இடுப்பு, இடுப்பு" என்று முனகினால் அந்த மனுசி வேறு என்ன செய்வார்?

அன்றிரவுச் சாப்பாட்டில் இந்த விளையாட்டு பெரிதாகிவிட்டது. போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தை ஆண்டுவிட்டுப் போகும்போது எங்கள் வாயில் விட்டுப்போன சொற்கள் எத்தனை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஸ்பெயின் அவர்களின் பக்கத்து வீடு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அம்மா மேசையைத் தட்டி "மேசை" என்றார். தெரேசாவும் தட்டி "மேசா" என்றார். பாண் அங்கேயும் பான். சப்பாத்து சப்பாத்தோ. அலுமாரி அர்மாரியோ, துவாய் துவாயா, குசினி கொசீனா. ஒவ்வொரு சொல் பொருந்தும்போதும் இரண்டு தாய்மாரும் கை தட்டினார்கள். சாப்பாட்டுத் தட்டைக் காட்டி "கோப்பை" என்று அம்மா சொன்னதுதான் பிழையாகிவிட்டது, அவர்களுக்குக் 'கோபா' என்றால் வைன் குடிக்கிற கிளாஸாம். பிலாரின் தகப்பன் மனுவேல் மகிழ்ச்சியோடு எழும்பிப் போய் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் வைத்து வைன் ஊற்றினார். அம்மா அதை மெதுவாகத் தம்பியின் பக்கம் நகர்த்திவிட்டார்.

மனுவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டையான, வெயிலில் கறுத்த மனுசன். கதைப்பது குறைவு. பரம்பரையாக முந்திரிகைக் கொடி வைத்து, திராட்சைப் பழத்தைக் காயவைத்து, முந்திரிகை வத்தல் விற்ற குடும்பம். மகளை விட்டுப் பிரிய அவருக்கு மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தம்பியோடு மரியாதையாக இருந்தார், ஆனால் கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை. தம்பி அந்த வீட்டில் நடக்கும்போது கூடக் காலை மெதுவாக வைத்தான், பாவம்.

மறுநாள் காலை சதுக்கத்துக் கடையில் கோப்பி குடிக்கப் போனோம். எண்ணெய்ச் சட்டியில் ஏதோ பொரிகிற மணம். அம்மா என்னிடம் பெருமூச்சோடு, "இந்த நேரம் தோசை எண்டால் எப்பிடியிருக்கும்" என்றார். கடைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். முழ நீளப் பொரித்த மாவுக் குழல்கள் பன்னிரண்டை அடுக்கி எங்கள் முன்னால் வைத்தான். அந்தப் பக்கத்துப் பேச்சில் பன்னிரண்டுக்குத் 'தோசே' என்று பேர். நாங்களும் சீனியில் தொட்டுத் தொட்டுத் தின்று முடித்தோம். எங்கள் ஊர்ப் பனங்காய்ப் பணியாரத்துக்குக் கிட்ட வராது என்றாலும், குறை சொல்கிறதற்கு இல்லை.

மத்தியானம் ஊரே கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொண்டது. வெயில் சாய்ந்த பிறகு மனுவேல் எங்களை ஊர் காட்டக் கூட்டிப் போனார். அவர் சொல்லச் சொல்ல பிலார் ஆங்கிலத்தில் சொல்ல, தம்பி அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். உச்சியில் கோட்டை என்று சொன்னார்கள். மிஞ்சியிருப்பது ஒரு மூலைச் சுவரும் ஆட்டுப் புழுக்கையும்தான். ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மலைமேல் மலை. சரிவெல்லாம் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். அவற்றுக்குத் தண்ணீர் கொண்டுவர ஒரு கை அகல வாய்க்கால், மலையைச் சுற்றி வளைந்து வளைந்து வருகிறது. எந்த வயலுக்கு எப்போது முறை என்பதற்கு இன்றைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம், அதில் இன்றைக்கும் சண்டை இருக்கிறதாம்.

இதையெல்லாம் கட்டியவர்கள் தாங்கள் இல்லை, மூர்கள் என்றார் மனுவேல். நூற்றாண்டுக்கணக்காக இந்த மலையில் இருந்த, அரபு பேசிய முஸ்லிம்கள். ஊரின் பேரில் இருக்கிற 'பென' கூட அவர்களுடைய சொல்தான். இன்னாருடைய பிள்ளைகள் என்று அர்த்தம். வாய்க்கால் அவர்களுடையது, ஒழுங்கைகளின் கோணல் அவர்களுடையது. மாதா கோயிலின் மணிக்கூண்டு கூட முந்தி பள்ளிவாசல் கோபுரமாக இருந்தது.

"மூர் எண்டால் எங்கடை சோனகரோ?" என்று அம்மா கேட்டார். இலங்கைச் சோனகருக்கு அந்தப் பேரை வைத்ததும் போர்த்துக்கீசர்தான் என்று தம்பி சொன்னான். பிறகு அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது என்று அம்மா விசாரித்தார். கிறிஸ்தவ அரசர்கள் வென்ற பிறகு முதலில் மதம் மாறச் சொன்னார்கள், பிறகு மாறினவர்களையும் நம்பாமல் ஊரை விட்டுத் துரத்தினார்கள், வடக்கேயிருந்து தன்னுடைய முன்னோரைக் கொண்டுவந்து அந்த வீடுகளில் இருத்தினார்கள் என்று மனுவேல் சொன்னார். ஒளித்து மறைத்துச் சொல்லவில்லை. கையில் கொண்டுபோகக் கூடியதை மட்டும் கொண்டு போனார்களாம்.

அம்மா வாய்க்கால் கட்டில் இருந்துவிட்டார். "சோனகத் தெருச் சனத்துக்கும் இப்பிடித்தானே செய்தது," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் இயக்கக்காரர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது அம்மா அங்கேதான் இருந்தார். எங்கள் சட்டைகளெல்லாம் தைத்துத் தந்த மனுசி பிள்ளைகளோடு படலையடியில் வந்து சொல்லிவிட்டுப் போனதை அவர் கண்ணால் கண்டவர். லண்டனில் எங்கள் வீடுகளில் அதை ஆரும் கதைப்பதில்லை. மனுவேல் அம்மா சொன்னது என்னவென்று மகளிடம் கேட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

மாதா கோயிலுக்குள் போனதும் அம்மாவின் முகத்தில் களை திரும்பிவிட்டது. பக்கப் பீடத்தில் கையில் குழந்தையோடு நின்ற சுரூபத்தைக் கண்டு, "இவர் எங்கடை அந்தோனியாரெல்லோ!" என்றார். காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று எங்கள் ஊரில் சைவக்காரரும் அவருக்கு மெழுகுதிரி கொளுத்துவார்கள். அம்மா ஒரு தோட்டைத் தொலைத்து அவரிடம் நேர்ந்து கண்டெடுத்தவர். அந்தக் கதையைப் பிலார் மொழிபெயர்த்தபோது மனுவேல் முதல் தடவையாகச் சிரித்தார். திரும்பி வரும் வழியில், நாளைப் பின்னேரம் உங்களுக்கு ஒன்று காட்டுவேன், இப்போது கேட்கக் கூடாது என்றும் சொன்னார். தம்பியின் தோளில் ஒரு தட்டு வேறு. அன்றிரவு தம்பி இரண்டு தரம் சோறு, மன்னிக்க வேண்டும், இரண்டு தரம் பாண் வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் காலையில்தான் வந்தது வில்லங்கம்.

நான் எழும்பிக் குசினிக்குப் போனபோது அம்மா ஏற்கனவே அங்கே இருந்தார். முகம் பூரித்துப் போயிருந்தது. மேசையில் ஒரு குவியல். பச்சைப் பசேலென்று, காம்பில் பால் காயாத மாங்காய்கள். ஐரோப்பாவில் மாங்காய் என்றால் நான் நம்பியிருக்க மாட்டேன். விடியத் தனியே உலாவப் போன இடத்தில், வீட்டுக்குப் பின்னால் சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு வயலில், கைக்கெட்டும் உயரத்தில் மரங்கள் நின்றனவாம். முந்தானை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கத்தி எடுத்துச் சீவி, லண்டனிலிருந்து ஜாம் போத்தலில் கொண்டுவந்த மிளகாய்த் தூளும் உப்பும் பிரட்டி நீட்டினார். எனக்கு வாய் ஊறிவிட்டது. ஆரைக் கேட்டுப் பிடுங்கினீர்கள் என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. எங்கள் ஊரில் மாங்காய் பிடுங்க ஆர் ஆரைக் கேட்பது? தம்பியும் வந்து சேர்ந்தான். மூன்று பேரும் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தபோது மனுவேல் உள்ளே வந்தார்.

அவர் மேசையைப் பார்த்தார். சீவாத காய் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காயைக் கையில் பிடித்தபடியே பின் கதவால் போய்விட்டார்.

பிலார் வந்து பார்த்து அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். பிறகு எல்லாம் சொன்னாள். பாட்டன் வைத்த முந்திரிகைக் கொடிகளைக் கிளப்பிவிட்டு அந்த மலையில் மாங்கன்று வைத்தபோது ஊரே அவரைப் பார்த்துச் சிரித்ததாம். பனிக்காலத்தில் கன்றுகளுக்குச் சாக்குப் போர்த்தி வளர்த்தாராம். இந்த வருஷம்தான் முதன்முதலாக ஒழுங்காகக் காய்த்திருக்கிறது. இலையுதிர் காலத்தில்தான் பழுக்கும். அதுவரை பெண்சாதியைக் கூடத் தொட விடவில்லை. மாம்பழ நாட்டிலிருந்து வரும் சம்பந்திக்கு, பார், உன்னுடைய மரம் என் மண்ணிலும் காய்க்கிறது என்று காட்டத்தான் இன்று பின்னேரம் கூட்டிப்போக இருந்தார். மாங்காயைக் காயாகவும் மனிதர் தின்பார்கள் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் கண்ணில் அம்மா செய்தது, வயிற்றுப் பிள்ளையைக் கலைத்த மாதிரி.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். அப்பா இனி ஓம் என்று சொல்ல மாட்டார் என்றாள் பிலார். நான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பெண்ணைப் பார்த்து முடிவு சொல்ல வந்த அம்மா, பெண் வீட்டில் களவெடுத்தவராக நின்றார். கையைக் கழுவினார். தலையை இழுத்துக் கட்டினார். சேலையை உதறி உடுத்துக்கொண்டு, ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின் கதவால் இறங்கினார். நாங்கள் மதிலடியில் போய் நின்று எட்டிப் பார்த்தோம். தெரேசா மாங்காய்த் தட்டை ஏனோ கையில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மனுவேல் மரத்தடியில் கல்லில் இருந்தார். அம்மா அவருக்கு முன்னால் போய்க் கை கூப்பினார். "ஐயா, தெரியாமல் பிடுங்கிப்போட்டன். என்ரை பிழைக்குப் பிள்ளையளை மறிச்சுப் போடாதையுங்கோ," என்றார்.

மனுவேல் எழும்பினார். இரண்டு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. மரத்தைக் காட்டினார், ஊரைக் காட்டினார், தன் நெஞ்சில் குத்தினார். கடைசியில் கையில் இருந்த மாங்காயைத் தூக்கிச் சுவரில் எறிந்தார்.

அம்மா கூப்பிய கையை இறக்கினார். போய் அந்தக் காயைப் பொறுக்கி, சேலைத் தலைப்பில் துடைத்தார். பிறகு தொடங்கினார். "பிடுங்கினது பிழைதான், அதுக்குத்தானே மன்னிப்புக் கேக்க வந்தனான்? அதுக்காகத் தின்னுற சாமானை எறியிறதோ? வளர்த்தவன் செய்யிற வேலையோ இது?" என்று கேட்ட குரல் அந்த மலையின் அடுத்த வளைவு வரை கேட்டிருக்கும். நாலு வருஷமாக நான் கேட்காத குரல்.

மனுவேல் அதைவிடச் சத்தமாகப் பதில் சொன்னார். அம்மா அதைவிடச் சத்தமாக. மேல் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வயலில் இருந்தவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, ஆனால் ஒருவர் முடித்த பிறகுதான் மற்றவர் தொடங்கினார். அவர் கொடியைக் கிளப்பினதைச் சொல்கிறார் என்று பிலார் எங்களுக்குச் சொன்ன நேரம், அம்மா தன் காணியில் விட்டுவிட்டு வந்த மரங்களைச் சொன்னார். இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்க ஓடப்போன தம்பியைப் பிலார் சேர்ட்டில் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

தெரேசாதான் அந்தச் சண்டைக்குள் புகுந்தார். தட்டோடு விறுவிறென்று இறங்கிப் போய், புருஷனுக்கு நேரே நின்று, ஒரு துண்டு மாங்காயை எடுத்து வாயில் போட்டார். நல்ல எரிப்புத் தூள். அந்த மனுசியின் கண்ணால் தண்ணீர் ஓடியது. விடவில்லை. இரண்டாவது துண்டையும் போட்டு, மூக்கை உறிஞ்சி, நல்லாயிருக்கிறது என்று சொன்னார். இத்தனை வருஷமாக இந்த மரத்தில் எனக்குத் தரப்பட்ட முதல் காய் இதுதான் என்று அவர் சேர்த்துச் சொன்னதாகப் பிலார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களுக்குச் சொன்னாள்.

மனுவேல் பெண்சாதியின் சிவந்த மூக்கைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தேன், மனுசன் சிரிக்கிறார். தானும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார், உடனே துப்பினார், பிசாசுக்குப் போடுகிற சாப்பாடு என்றார். அம்மா, "ருசி தெரியாத மனுசன்" என்றுவிட்டு அவர் பக்கத்துக் கல்லிலேயே இருந்துகொண்டார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

கொஞ்ச நேரம் போக அம்மா தம்பியைக் கூப்பிட்டார். அவன் மதிலால் குதித்து ஓடினான். நாங்களும் பின்னால் போனோம்.

"இவையோடை கதைக்கலாமடா," என்றார் அம்மா. "நீ எழுத்துக்கு நாளைப் பார்."

தம்பி அம்மாவின் காலடியில் குந்திவிட்டான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மிளகாய்த் தூளில் பழியைப் போட்டேன். பிலார் தகப்பனுக்குச் சொன்னாள். அவர் எழும்பிப் போய், கொப்பில் மிஞ்சியிருந்த ஒரு காயைப் பறிக்காமல் உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார், தம்பியை முதல் தடவையாகக் கண்ணுக்கு நேரே பார்த்தார், ஸ்பானிய மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார்.

"ஓம், அது ஞாயம்," என்றார் அம்மா.

தம்பி விழித்தான். "என்ன சொன்னவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ அம்மா?"

"தெரியாமல் என்ன? மாங்காய் பழுத்தாப் பிறகு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டாம். அதுக்கு முதல் இந்த வீட்டிலை ஒண்டிலையும் கை வைக்கப்படாதாம்."

தம்பி அதைப் பிலாருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, சரியா என்று கேட்டான். அவள் அழுதபடியே தலையாட்டினாள். தகப்பன் சொன்னது அதேதான், அம்மா ஒரு சொல்லையும் விடவில்லை.